ஐந்தாவது லிட்டர்

பெட்டிக்குள் மூன்று பாட்டில்கள் இருந்தன. ஒன்று ஒரு லிட்டர், இன்னொன்று அரை லிட்டர், கடைசியது 125 மில்லி. கூடவே ஒரு குறிப்புத்தாள். குறைந்தது ஆறு மணி நேரம் வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கும் முன்னால், சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்து முதல் சொட்டிலிருந்து பெரிய பாட்டிலை நிரப்ப வேண்டும். பிறகு 45 விநாடி தண்ணீரை ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். இரண்டு நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது.

2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரத்துக்கு இப்படிப்பட்ட 300 பெட்டிகள் போயின. தயாரித்தவர்கள் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். அவர்கள் ஊருக்கும் ஃபிளின்ட்டுக்கும் நடுவே இரண்டு மாநிலங்கள் கிடக்கின்றன. சிலர் வாடகை வேனில் ஏறி நேரிலேயே போனார்கள். இந்தியாவிலிருந்து அங்கே ஆராய்ச்சி மாணவராகச் சென்றிருந்த சித்தார்த்த ராய் அந்தக் குழுவை ஒருங்கிணைத்தவர்.

நீரில் கலந்த நஞ்சைக் கண்டுபிடிப்பது என்றால் பலருக்கும் கருவிதான் நினைவுக்கு வரும். விலையுயர்ந்த இயந்திரம், வெள்ளைக் கோட்டு, திரையில் ஓடும் எண்கள். கருவியோ தன் முன்னால் வைக்கப்பட்ட நீரை மட்டுமே அளக்கும். எந்த நீரை அதன் முன்னால் வைப்பது என்பதைப் படிவம் எழுதும் ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். ஃபிளின்ட்டில் அரசு எழுதிய படிவமும் மாணவர்கள் எழுதிய படிவமும் வேறு வேறாக இருந்தன. ஒரே ஊர், ஒரே குழாய்கள், ஒரே கோடைக்காலம். ஆனால் கிடைத்த விடைகள் இரண்டு.

ஃபிளின்ட் 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூட, சம்பளக்காரர்கள் வெளியேற, நகராட்சியின் கஜானா வற்றியது. 2011 முதல் மாநில அரசு நியமித்த அவசரகால மேலாளர்கள் நிர்வாகத்தை நடத்தினார்கள். டெட்ராய்ட் நகரத்திடம் விலைக்கு வாங்கிவந்த ஹியூரான் ஏரித் தண்ணீர் செலவு பிடிக்கிறது. புதுக் குழாய்த்திட்டம் முடியும்வரை உள்ளூர் ஆற்று நீரைச் சுத்திகரித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று முடிவாயிற்று. 2014 ஏப்ரல் 25 அன்று பொத்தானை அழுத்தி நீரை மாற்றினார்கள். வந்திருந்தவர்கள் கண்ணாடி டம்ளரில் அந்த நீரை உயர்த்திக் கொண்டாடிய படங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆற்று நீரில் குளோரைடு அதிகம். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பு கடைசியில் ஆற்றுக்குத்தானே போகும்! கலங்கலைப் படியவைக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெர்ரிக் குளோரைடு சேர்த்ததில் அது இன்னும் ஏறியது. குளோரைடு கூடிய நீர் உலோகத்தை அரிக்கும். இதைவிடப் பெரிய பிழை வேறொன்று. டெட்ராய்ட் நீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருந்தது. காரீயக் குழாயின் உட்சுவரில் அது காரீயத்தோடு வினைபுரிந்து, நீரில் கரையாத மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். குழாய் காரீயத்தால் ஆனதுதான், ஆனால் தண்ணீருக்கும் காரீயத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஃபிளின்ட் நிலையத்தில் இந்தப் பாஸ்பேட்டைச் சேர்க்கவே இல்லை. ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த படலம் சில மாதங்களில் கரைந்தும் உதிர்ந்தும் போகத் தொடங்கியது.

மக்கள் உடனே புகார் செய்தார்கள். பழுப்பாகவும் ஆரஞ்சு நிறமாகவும் வந்த நீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குத் தூக்கிவந்தார்கள். குளித்தால் தோல் தடிக்கிறது என்றார்கள். அந்த நிறம் காரீயத்தின் நிறம் இல்லை. துருப்பிடித்த இரும்புக் குழாயின் நிறம். காரீயத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் இரும்பை அரிக்கிற நீர் காரீயத்தையும் அரிக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அரிபட்ட இரும்பு இன்னொரு வேலையும் செய்தது. கிருமிகளைக் கொல்லச் சேர்த்த குளோரினைத் தின்று தீர்த்தது. அந்தக் காலத்தில் ஃபிளின்ட் பகுதியில் லீஜியோனெல்லா பாக்டீரியாவால் வரும் நுரையீரல் காய்ச்சல் பரவி 12 பேர் இறந்தார்கள். 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை, உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி ஊர்த் தண்ணீரை வேண்டாமென்று விட்டது. எஞ்சினுக்கு ஆகாத நீரில்தான் அதன் பிறகும் ஓராண்டு குழந்தைகளுக்குப் பால்மாவு கலந்தார்கள்.

லீ-ஆன் வால்டர்ஸ் அந்த ஊரில் நான்கு பிள்ளைகளின் தாய். அவர் விடாமல் நச்சரித்ததால் 2015 பிப்ரவரியில் நகராட்சி ஆள் வந்து அவர் வீட்டு நீரைச் சோதித்தார். லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் காரீயம். அடுத்த மாதம் மறுபடி எடுத்தபோது 397. அமெரிக்கச் சட்டப்படி 15-ஐத் தாண்டினால் நீர் வழங்குவோர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இந்தியத் தரநிர்ணயமும் உலக சுகாதார நிறுவனமும் வைத்திருக்கும் எல்லை 10. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை இவ்வளவு வரை போகலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது.

உங்கள் வீட்டுக் குழாய்களில்தான் கோளாறு இருக்கும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அந்த வீட்டின் உட்புறக் குழாய்கள் எல்லாமே பிளாஸ்டிக்! மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் அதிகாரி மிகெல் டெல் டோரல் நேரில் வந்து அதை உறுதிசெய்தார். அப்படியானால் காரீயம் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். (இந்தியாவில் இப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. இங்கே பிவிசி குழாய் தயாரிப்பில் நிலைப்படுத்தியாகக் காரீயச் சேர்மங்களையே நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021-இல்தான் வந்தன.) வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸிடம் வால்டர்ஸ் தொலைபேசியில் பேச, பாட்டில்கள் போய்த் திரும்பின. அவற்றில் ஒன்றில் 13,200 மைக்ரோகிராம் இருந்தது. ஒரு கழிவை அபாயக் கழிவு என்று வகைப்படுத்த 5,000 போதும்.

இத்தனைக்குப் பிறகும் 2015-இன் முதல் ஆறு மாதங்களுக்கு ஃபிளின்ட்டின் அதிகாரபூர்வ எண் 11தான். எல்லைக்குள். எப்படி?

1991-இல் வந்த அமெரிக்க விதி இப்படிப் போகிறது: காரீயக் குழாய் உள்ள, அதாவது ஆபத்து மிகுந்த வீடுகளாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும். முடிவுகளைக் குறைவிலிருந்து கூடுதலுக்கு வரிசைப்படுத்தி, நூற்றுக்குத் தொண்ணூறாவது இடத்தில் நிற்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். அது 15-ஐத் தாண்டக் கூடாது. படிக்க ஒழுங்கான விதிதான். ஆனால் எந்த வீட்டுக்குக் காரீய இணைப்பு என்ற தகவல் ஃபிளின்ட்டில் பழைய அட்டைக் கட்டுகளில் புதைந்து கிடந்தது. சோதித்த வீடுகள் ஆபத்தான வீடுகள்தானா என்பதை யாரும் உறுதிசெய்யவில்லை. எடுத்த 71 மாதிரிகளிலும் இரண்டைக் கழித்துவிட்டார்கள். அதில் ஒன்று வால்டர்ஸ் வீட்டின் 104. அந்த வீட்டில் வடிகட்டி இருந்தது என்பது சொல்லப்பட்ட காரணம். வரிசையின் மேற்பகுதியிலிருந்து இரண்டை உருவினால் தொண்ணூறாவது இடம் கீழே இறங்கும். 15-க்கு மேலே நின்றிருக்க வேண்டிய எண் 11 ஆனது இந்தக் கணக்கில்.

இதை மோசடி என்று தள்ளிவிடலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது அரசின் குறிப்புத்தாளில் இருந்த ஒரு சின்ன வாசகம்: முந்தின இரவு குழாயை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், அதன்பின் ஆறு மணி நேரம் மூடிவையுங்கள். கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளிலும் காலையில் முதலில் வரும் கலங்கல் நீரைக் கீழே விட்டுவிட்டுத்தானே குடத்தை வைப்பார்கள்? குடிக்கப் பிடிப்பவருக்கு அது நல்ல பழக்கம். சோதிக்கப் பிடிப்பவருக்கு அதுவே கேடு. குழாய்க்குள் உதிர்ந்து கிடக்கும் காரீயத் துகள்கள் அந்த ஐந்து நிமிடத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். குழாய் முனையிலுள்ள சிறு வலையைக் கழற்றிவிட்டுப் பிடிக்கச் சொன்னாலும் இதே கதைதான். துகள்கள் சிக்கிக் கிடப்பதே அந்த வலையில். பாட்டிலின் வாய் குறுகலாக இருந்தால் சிந்தாமல் பிடிப்பதற்காகக் குழாயை மெல்லத் திறப்போம். மெல்ல வரும் நீர் துகளைப் பெயர்க்காது. ஆனால் சாதாரண நாளில் யாரும் சாம்பாருக்குத் தண்ணீர் பிடிக்க முந்தின இரவே குழாயைக் கழுவிவைப்பதில்லை. குழாயை முழுக்கத் திறந்து பிடிப்பார்கள்.

மாணவர்களின் தாளில் இந்த முன்னேற்பாடுகள் எதுவும் இல்லை. குடும்பம் எப்படித் தண்ணீர் பிடிக்குமோ அப்படிப் பிடிக்கச் சொன்னார்கள். இது அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேதியியல் வகுப்பிலிருந்து மட்டும் வரவில்லை என்று தோன்றுகிறது. எட்வர்ட்ஸும் மானிடவியலாளர் யன்னா லாம்ப்ரினிடூவும் சேர்ந்து அங்கே பொறியியல் அறம் பற்றி ஒரு பாடம் நடத்திவந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரக் குடிநீரில் காரீயம் ஏறியபோது அதிகாரிகள் அதை மூடிமறைத்த வரலாறு அதில் முக்கியப் பகுதி. பாதிக்கப்பட்டவர் பேசும்போது பொறியாளர் எப்படிக் காதுகொடுக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் இப்படியொரு தாள் இருந்தால் அதில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆசிரியர்கள் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது தனிக் கேள்வி.

பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்ததும், நிரம்பியவற்றைத் திரட்டியதும் ஊர்க்காரர்கள். செப்டம்பர் தொடக்கத்துக்குள் 252 வீடுகளின் நீர் திரும்பி வந்துவிட்டது. இறுதிக் கணக்கில் அது 271 ஆனது. கட்டாயம் எதுவும் இல்லாத, மாதிரிக்குக் காசு கொடுக்காத ஒரு சோதனையில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் விடியற்காலையில் எழுந்து பாட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆய்வகத்திலும் ஒரு கண்ணி உண்டு. துகளாக வந்த காரீயம் பாட்டிலின் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். மேலாக ஊற்றி அளந்தால் அது கணக்கில் வராது. ஆகவே பாட்டிலுக்குள்ளேயே நைட்ரிக் அமிலத்தை ஊற்றிக் கரையவிட்டு, அதன்பின் அளந்தார்கள். அளந்த கருவி, நீரைப் பொடித்திவலையாக்கி 6,000 கெல்வினுக்கும் மேலான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தூவும். அந்தச் சூட்டில் எல்லாம் தனி அயனிகளாகப் பிரியும். பிறகு நிறையைக் கொண்டு வடிகட்டி எண்ணுவது. 206, 207, 208 என்ற நிறைகளில் வந்து விழுவது காரீயம். ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலும் அகப்பட்டுவிடும்.

252 வீடுகளின் கணக்கில் தொண்ணூறாவது இடத்தில் நின்ற எண் 25. அரசு சொன்னதோ 11. சில பாட்டில்கள் 100-ஐத் தாண்டின. ஒரே ஒரு பாட்டில் 1,000-ஐயும் தாண்டியது. அது முதல் பாட்டில் அல்ல, 45 விநாடி ஓடவிட்ட பின் பிடித்தது. பின்னால் இந்த விவரத்துக்கே திரும்ப வருகிறேன். தன்னார்வலர்களைக் கொண்டு எடுத்த மாதிரி நகரத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். சட்டம் கேட்பது மிக ஆபத்தான வீடுகளை. மாணவர்களுக்குக் கிடைத்ததோ எல்லா வகை வீடுகளும். உண்மை நிலை 25-ஐவிட மோசமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீரை அளந்தது மட்டும் போதாது, காரணத்தையும் காட்ட வேண்டும் என்று அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகப் பிடித்தது. கண்ணாடிக் குப்பிகளில் ஒரு பக்கம் ஃபிளின்ட் நீர், இன்னொரு பக்கம் டெட்ராய்ட் நீர். உள்ளே இரும்பு, அல்லது காரீயப் பற்று வைத்த செப்புத் துண்டு. சிலவற்றில் பாஸ்பேட் சேர்த்தது, சிலவற்றில் சேர்க்காதது. நீரை மாற்றி மாற்றி ஊற்றி ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். ஃபிளின்ட் நீரில் காரீயப் பற்றிலிருந்து கசிந்த காரீயம், டெட்ராய்ட் நீரில் கசிந்ததைப்போல ஏறத்தாழ 19 மடங்கு. குப்பிகளை அடுக்குவதற்கு ஒரு மேல்நிலைப் பள்ளி ஆய்வகம் போதும். நீரை மாற்றுவதற்கு முன்னால் யாராவது இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

இந்தக் குழு எங்கே போனாலும் காரீயத்தைக் கண்டுபிடித்துவிடும், அது அவர்கள் வழக்கம் என்று மாநில அரசின் தரப்பில் ஏளனமாகப் பதில் வந்தது. எண்ணுக்கு எதிராக எண் நிற்கும்போது அதிகாரம் உள்ளவரின் எண்ணே நிற்கும். அதை உடைத்தது வேறொரு சாட்சி. ஃபிளின்ட்டின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரான மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை ஏடுகளைப் புரட்டினார். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பங்கு, நீர் மாறுவதற்கு முன் 2.4 சதவீதம், மாறிய பின் 4.9. செப்டம்பர் 24 அன்று இந்த உயர்வை அறிவித்தார். அக்டோபர் 16-இல் ஃபிளின்ட் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. டிசம்பரில் பாஸ்பேட்டைக் கூடுதலாகவே சேர்க்கத் தொடங்கினார்கள்.

குழாய்களுக்கான சிகிச்சை இங்கே தொடங்குகிறது, அது மெதுவான வேலை. பாஸ்பேட் படலம் மறுபடி படிய வேண்டுமானால் பாஸ்பேட் கலந்த நீர் குழாயில் ஓட வேண்டும். பயந்துபோன மக்களோ குழாயையே திறக்கவில்லை. பாட்டில் நீரையே குடித்தார்கள், அதிலேயே குளித்தார்கள். நீர் ஓடாததால் குழாய் ஆறவில்லை, குழாய் ஆறாததால் நீரை நம்ப முடியவில்லை. 2016 மே மாதம் தினமும் ஐந்து நிமிடம் வீதம் இரண்டு வாரம் குழாயைத் திறந்துவிடுங்கள், கட்டணத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று அரசு கெஞ்ச வேண்டியிருந்தது. இடைக்காலத்துக்குக் குழாய் முனையில் மாட்டும் வடிகட்டிகள். மாணவர்கள் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் பெட்டி அனுப்பி, அதே முறையில் அளந்து, படலம் எப்படித் திரும்புகிறது என்று தொடர்ந்தார்கள். 2016 ஜூலையில் எண் 15-க்குக் கீழே இறங்கியது. நிரந்தரத் தீர்வு காரீயக் குழாயைத் தோண்டி எடுப்பதுதான். 2017-இல் நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு அது வேகம்பிடித்து, 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் மாற்றப்பட்டன.

ஃபிளின்ட் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த கொலராடோ பள்ளி மாணவி கீதாஞ்சலி ராவ், 2017-இல் தன் பதினோராவது வயதில் கையடக்கக் காரீய உணரி ஒன்றை வடிவமைத்து அமெரிக்காவின் இளம் விஞ்ஞானி போட்டியில் 25,000 டாலர் பரிசு பெற்றார். கார்பன் நானோகுழாய்களில் குளோரைடை ஏற்றிவைத்தால், நீரிலுள்ள காரீய அயனி அதனோடு பிணையும், மின்தடை மாறும், அந்த மாற்றம் கைபேசிக்குப் போகும். வாயுக்களை முகரும் நானோகுழாய் உணரி பற்றிப் படித்துவிட்டு, அதை நீருக்குத் திருப்பிய யோசனை அது. அந்த வயதுக்கு அபாரம். ஆனால் இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றி எழுதும்போது நாம் மறந்துவிடுவது ஒன்று உண்டு: கரைந்த அயனியோடு வினைபுரியும் எந்த உணரிக்கும், கரையாமல் மிதந்து வரும் துகள் கண்ணில் படாது. அமிலத்தில் ஊறவைத்தாலன்றி அது வெளிவராது. உணரியை எந்த நேரத்து நீரில் முக்குகிறோம் என்பதும் அப்படியே மிச்சமிருக்கும்.

45 விநாடி பாட்டிலுக்கு வருகிறேன். அரை அங்குலக் குழாயில் ஒரு லிட்டர் நீர் அடைக்கும் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். முக்கால் அங்குலம் என்றால் மூன்றரை மீட்டர். இரவு முழுக்கத் தேங்கிய நீரில் முதல் லிட்டர் என்பது சமையலறைக் குழாயிலும் அதை ஒட்டிய சுவருக்குள்ளும் கிடந்த நீர். தெருவிலிருந்து வாசல் வரை மண்ணுக்கடியில் வரும் காரீயக் குழாயில் இரவெல்லாம் ஊறிய நீர் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கிறது. நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் ஓடும் குழாயில் 45 விநாடி என்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர். வால்டர்ஸ் வீட்டைப்போல உள்ளே எல்லாம் பிளாஸ்டிக், வெளியே காரீயம் என்ற வீட்டில் முதல் லிட்டரை மட்டும் சட்டம் சொன்னபடி நேர்மையாகப் பிடித்தாலும் நஞ்சு தப்பிவிடலாம்.

2016 பிப்ரவரியில் மத்திய முகமை மூன்று விஷயங்களைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது: முந்தின இரவு ஓடவிடுவது, வலையைக் கழற்றுவது, குறுகிய வாய்ப் பாட்டில். 2021-இல் வந்த விதித்திருத்தம் அவற்றைச் சட்டமாக்கியதோடு, காரீய இணைப்புள்ள வீடுகளில் ஐந்தாவது லிட்டரைச் சோதிக்கச் சொன்னது. 2024 அக்டோபரில் வந்த அடுத்த திருத்தம் முதல் லிட்டர், ஐந்தாவது லிட்டர் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 15 என்ற எல்லையை 10 ஆக இறக்குகிறது. நாட்டிலுள்ள காரீய இணைப்புகளைப் பத்தாண்டுக்குள் அகற்றச் சொல்கிறது. பாட்டிலின் வாய் எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பதுகூட இப்போது விதியில் எழுதப்பட்டிருக்கிறது.